எண்ணிக்கை மட்டும் போதுமா?

படைப்பிரிவு அருங்காட்சியகம் என்றாலே நம் இலக்கிய நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். துருப்பிடித்த துப்பாக்கிகள், துரைமார்களின் படங்கள், காலனியச் சேவகத்தின் எச்சங்கள். இவற்றில் நமக்கென்ன என்கிறார்கள். இந்த அலட்சியம் நமக்கு ஏற்புடையதன்று.

பெங்களூரில் 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' படைப்பிரிவு தன் மையத்துக்குள் ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. 1780இல் இரண்டு கம்பெனிகளாகத் திரட்டப்பட்ட பயனீர் படையிலிருந்து வளர்ந்த பிரிவு இது. பாலம் அமைப்பதும் பாதை வெட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் இதன் வேலைகள். இதன் வீரர்களுக்குச் செல்லப்பெயரே 'தம்பி'. முள்வேலியைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்பிடோ' 1912இல் இப்படையில்தான் உருவானது. அதை வடிவமைத்த மெக்ளின்டாக் என்ற அதிகாரியின் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. அவருக்குக் கீழே உழைத்த தம்பிகளில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

சுபேதார் சுப்ரமணியன் ஒரு விதிவிலக்கு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் விழுந்து, உடனிருந்தவர்களைக் காத்து உயிர்விட்டார். மறைவுக்குப் பின் 'ஜார்ஜ் சிலுவை' வழங்கப்பட்டது. பதக்கம் கிடைத்ததால் பெயர் மிஞ்சியது.

மற்றவர்களுக்கு? தமிழகத்தின் பல ஊர்களில் முதல் உலகப்போரின் நினைவுக் கற்கள் இருக்கின்றன. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்குமேல் அவை பேசுவதில்லை. ஆட்களை எண்ணிய அரசுக்குப் பெயர் தேவைப்படவில்லை. அந்தப் பெயர்களைத் தேடாத நாம் மட்டும் எவ்வகையில் மேலானவர்கள்?

'அடிமைச் சேவகம்தானே' என்பது சுலபமான வாதம். சாப்பர்ஸ் படையில் பறையர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். பண்ணையாரின் வயலைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவனுக்கு மாதச் சம்பளமும் சீருடையும் என்ன பொருள் தந்திருக்கும் என்பதை, வேறு வழிகள் திறந்திருந்த குடும்பங்களின் வாரிசுகள் தீர்ப்பளித்து முடித்துவிட முடியாது. பின்னாளில் 'போர்க்குணமற்றவர்கள்' என்று முத்திரை குத்தி மதராஸ் படைகளைச் சுருக்கியதும் அதே ஆங்கில அரசுதான். இந்த முரண் ஒரு நாவலுக்குப் போதும். ஆனால் ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'க்குப் பின் போரைப் பற்றி நாம் எழுதியது எவ்வளவு?

படைப்பிரிவு தன் கொடியையும் பதக்கத்தையும் காக்கிறது. அது அதன் கடமை. சிப்பாயின் கடிதம், ஓய்வூதியப் புத்தகம், காத்திருந்த மனைவியின் நினைவு ஆகியவற்றைக் காப்பது ஊரின் கடமை. அவை இன்று தகரப்பெட்டிகளிலிருந்து பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகின்றன. பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். ஊர் நூலகத்தில் ஓர் அறையும், அந்தக் கல் சொல்லாமல் விட்ட பெயர்களின் பட்டியலும் போதும். நினைவுக்கல் உள்ள ஊரைச் சேர்ந்த வாசகர்கள் தம் வீட்டுப் பெட்டியிலிருந்தே இதைத் தொடங்கலாம்.