தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள்
பட்டாம்பூச்சி மீன் வாங்கப் போகிறவர்கள் விலையைப் பிறகு பேசலாம். முதலில் கடைக்காரரிடம், கண்ணெதிரே அதற்குத் தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொட்டிக்குப் பணத்தைக் கொட்டி, வெப்பத்தை 25, 26 டிகிரியில் நிறுத்தி, உப்பின் அளவைத் தவறாமல் பார்க்கிறவர் வீட்டிலும் இந்த மீன்கள் பலவும் பட்டினியால்தான் சாகின்றன. செவ்ரான் என்ற இனம் கடலில் ஏறக்குறைய அக்ரோபோரா பவளத்தை மட்டுமே கொத்தித் தின்று வாழ்வது. ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் இறாலைத் தீனியாகப் போட்டால் கிட்டே வரும், பார்க்கும், திரும்பிப் போய்விடும். நாளாக ஆக வயிறு ஒட்டி, கண்ணுக்கு மேலே முதுகுச் சதை வற்றிக் குழி விழும். அதன்பின் தேற்றுவது மிகக் கடினம். இத்தகைய இனங்களைக் கடைகள் விற்கவே கூடாது என்பேன். நீள மூக்குள்ள காப்பர்பேண்ட் என்ற இனத்தின் கதை வேறு. ஓட்டோடு பிளந்த மட்டியைப் பாறை இடுக்கில் வைத்தால், மூக்கை நுழைத்துச் சதையைக் கிள்ளி எடுக்கும். ஆனால் சில காப்பர்பேண்டுகள் அதையும் கடைசிவரை தொடுவதில்லை. ஆசை விடவில்லையா, ஆரிகா, ரக்கூன் இனங்களைப் பாருங்கள். நறுக்கிய இறாலையும் தின்னும். ஆனால் பவளத்தையும் கொத்தும் என்பதால், பவளம் வளர்க்கும் தொட்டியில் அவற்றை விடாதீர்கள். பட்டாம்பூச்சி மீன்களின் குஞ்சுகள் வாரக்கணக்கில் திறந்த கடலில் மிதந்து வளர்பவை. அதனால் பண்ணையில் பெருக்குவது சுலபமில்லை. சந்தைக்கு வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை பவளப்பாறைகளில் பிடித்தவை. அதனால்தான் தீனி போட்டுக் காட்டச் சொல்வது.