நட்சத்திரம் கொடுத்தால் படிப்பு வந்துவிடாது

மே மாதம் வந்தால் நாமக்கல் மாவட்டத் திருச்செங்கோட்டில் பள்ளிக்கூட ஃபிளெக்ஸ்கள் வரிசை கட்டி நிற்கும். சில ஆண்டுகளாக அவற்றில் புதிதாக ஒரு வாசகமும் சேர்ந்துகொண்டிருக்கிறது: 'விளையாட்டாகவே படிக்கலாம்.' கல்விச் செயலி விற்க வருகிறவர்களும் ஆண்டு விழா மேடையில் பேசுகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பாடத்துக்குப் புள்ளி, புள்ளிக்கு நட்சத்திரம், நட்சத்திரத்துக்கு முதலிடப் பட்டியல் என்று வைத்துவிட்டால் பிள்ளை தானாகப் படித்துவிடுமாம். இந்த வட்டாரத்துக்காரர்கள் இதை நம்பக் கூடாது. இதன் விளைவை அவர்கள் ஏற்கெனவே கண்ணால் பார்த்தவர்கள்.

'இது புதிய முறை' என்பது முதல் வாதம். ஸ்லேட்டில் நட்சத்திரம் போட்ட வாத்தியார் காலத்திலிருந்தே இது இருக்கிறது.

'புள்ளியும் பட்டியலும் இருந்தால் ஆர்வம் வரும்' என்பது இரண்டாவது வாதம். இதில்தான் பெரிய பிழை இருக்கிறது. 2007 முதல் தமிழ்நாட்டில் மருத்துவ, பொறியியல் இடங்கள் நுழைவுத்தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டன. அரை மதிப்பெண்ணில் இடம் கைநழுவும் நிலையில், மாநிலத் தரவரிசை என்றாலே நாமக்கல் மாவட்டப் பள்ளிகள் என்று ஆனது. பிள்ளைகளை விடுதியில் விட ஊர் ஊராகப் பெற்றோர் வந்தார்கள். ஆனால், பிளஸ் ஒன் பாடத்துக்குப் புள்ளி கிடையாது. அதனால் பல தனியார் பள்ளிகள் அதை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. மேல்படிப்புக்கு அடித்தளமான ஓர் ஆண்டுப் பாடம் அப்படியே காணாமல் போனது. 2017-ல் அரசு முதலிடப் பட்டியல் வெளியிடுவதையே நிறுத்தியது. பிளஸ் ஒன் பாடத்தை நடத்த வைப்பதற்காக, 2017-18 கல்வியாண்டில் அதற்கும் பொதுத்தேர்வைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. புள்ளிக்காகப் படிப்பவர் புள்ளி இல்லாத பாடத்தைத் தொடமாட்டார் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

சின்னப் பிள்ளைகளிடமும் இதே கதைதான். 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளியில் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரையப் பிடித்த பிள்ளைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவுமில்லை. பிறகு பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மட்டும் வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசு எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். பிடித்துச் செய்த வேலைக்குக் கூலி பேசியதும், கூலி நின்றவுடன் வேலையும் குறைந்துவிட்டது. செயலியில் நட்சத்திரம் சேர்க்கும் பிள்ளைக்குச் சந்தா முடிந்த மறுநாள் என்ன மிஞ்சும் என்று பெற்றோர் கேட்க வேண்டும்.

'செல்போனில் மணிக்கணக்கில் விளையாடுகிறார்களே' என்பது மூன்றாவது வாதம். விளையாடுவது உண்மை. ஆனால் புள்ளி மட்டும்தான் அவர்களைப் பிடித்து வைக்கிறதா? தோற்றால் யாரும் திட்டுவதில்லை, உடனே மறுபடி ஆடலாம், அடுத்த கட்டம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருக்கும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் இதைச் செல்போன் இல்லாமலே செய்து காட்டின. ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. பாடம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிந்திருந்தது. சுவரில் ஏணிப்படி அட்டவணை தொங்கியது. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, தட்டிலிருந்து தனக்குரிய அட்டையை எடுத்துவந்தது. சுவரின் அடிப்பகுதியில், பிள்ளை உயரத்துக்கே கரும்பலகை இருந்தது. காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடர்ந்தது. புரியாத படிக்குக் கூடுதல் அட்டை இருந்தது, அடி இல்லை. இதிலும் விளையாட்டின் அமைப்பு இருந்தது. விற்பனையாளர் காட்டும் முதலிடப் பட்டியல்தான் இல்லை.

'தொழில் பயிற்சிக்கும் இதுவே வழி' என்று இப்போது நிறுவனங்களிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். திருச்செங்கோட்டுக்காரர்களிடம் இதைச் சொல்வதற்கு முன் ஒரு போர்வெல் ரிக் வண்டியின் பக்கத்தில் அரை நாள் நின்று பார்க்கட்டும். வடமாநிலங்கள் வரை போய் போர் போட்டுவரும் அந்த வண்டிகளில் ஹெல்பராக ஏறியவர் யாருடைய பட்டியலைப் பார்த்தும் தொழில் கற்கவில்லை. குழியிலிருந்து வரும் தூளின் நிறம் மாறினால் பாறை மாறிவிட்டது. தூள் ஈரமானால் தண்ணீர் தட்டியிருக்கிறது. ஹேமர் சத்தம் மாறும்போது ஆபரேட்டரின் கை எங்கே போகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவர் அவர். கவனம் தப்பினால் ராடும் ஹேமரும் குழிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அவருக்குச் சரி தவறு சொல்வது வேலையேதான்.

தவறு செய்தால் உயிரோ பெரும் பணமோ போகும் வேலைகளுக்குப் பாவனைக் கருவி தேவை என்பதில் சண்டையில்லை. விமானம் ஓட்டுவதைத் தரையிலேயே பழக, எட்வின் லிங்க் 1929-ல் ஒரு கருவியைச் செய்தார். விமானம் சாயும்போது என்ன நடக்குமோ அதை அந்தப் பெட்டிக்குள்ளேயே உணர வைத்ததுதான் அதன் பலம். ரிக் ஹெல்பருக்குப் பயிற்சிச் செயலி செய்து விற்க நினைப்பவர்கள், அந்தச் சத்தத்தையும் தூளையும் முதலில் அதற்குள் கொண்டுவரட்டும். இந்த வாரம் யார் முதலிடம் என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு நாமக்கல் பக்கம் வர வேண்டாம்.