எல்லா ஃபார்மட்டும் பாடும் சார்!

மொதல்லயே சொல்லிடறேன். இது ரெண்டாயிரத்துச் சொச்சம் ரூவா டிவிடி பிளேயர் ஒண்ணுக்கு வக்காலத்து வாங்குற பதிவு. "இந்தக் காலத்துல எவன்டா டிவிடி பிளேயர் வாங்குறான்"னு சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன் :-)

ஆச்சா? மேட்டருக்கு வருவோம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப அடியேன் ஒரு வீரச்செயல் பண்ணேன். 55 இஞ்ச் 4கே டிவி வாங்கிச் சுவத்துல மாட்டினேன். பொட்டி தட்டிச் சம்பாதிக்கிற புள்ளை இதுகூடச் செய்யலைன்னா எப்படி? பழைய டப்பா டிவியையும், அதுக்குக் கீழே தூசி படிஞ்சு கிடந்த டிவிடி பிளேயரையும் பழைய இரும்புக்காரர்கிட்ட நானே தூக்கிக் குடுத்தேன். ரெண்டுக்கும் சேர்த்து 350 ரூவா. பெரிய சாதனைன்னு நெனச்சுக்கிட்டு பெங்களூர் பஸ் ஏறிட்டேன்.

ஒரு மாசம் கழிச்சு அப்பா போன் பண்ணாரு.

"தம்பி, இந்த டிவில சிடி எங்கடா போடுறது?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அன்னிக்கு அப்பாயியோட நினைவு நாள்.

2003-ல சித்தப்பா கல்யாணம். அப்போ எங்க ஊர் வீடியோக்காரர் மூணு விசிடில போட்டுக் குடுத்தாரு. ரெண்டாவது தட்டுல நலங்கு வருது. அதுல அப்பாயி உக்காந்து ஒரு பாட்டு பாடும். நாலு நிமிஷம் இருக்கும். பாட்டு நடுவுல எவனோ குறுக்க போவான், அவனைத் திட்டிட்டு மறுபடி விட்ட எடத்துலேர்ந்து பாடும். அடுத்த ரெண்டு வருஷத்துல அப்பாயி போய்ச் சேந்துடுச்சு. அது பேசி, பாடி, திட்டி, அசைஞ்சுக்கிட்டு இருக்குற படம் உலகத்துலயே அந்த நாலு நிமிஷம்தான். வருஷா வருஷம் படையல் போட்டு முடிச்சதும் அப்பா அதைப் போட்டுப் பாப்பாரு. யார்கிட்டயும் எதுவும் பேசமாட்டாரு. பாத்துட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு.

அந்தப் பிளேயரைத்தான் நான் எடைக்குப் போட்டிருக்கேன்.

"பென் டிரைவ்ல போட்டுத் தரேன்ப்பா"ன்னு சொன்னேன். இதையே நான் காலேஜ் முடிச்ச நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்கிறது வேற விஷயம். அடுத்த வாரமே ஆபீஸ் நண்பன்கிட்ட வெளிய சொருகுற டிரைவ் ஒண்ணு கடன் வாங்கி ஊருக்கு ஓடினேன். முதல் தட்டு காப்பி ஆயிடுச்சு. ரெண்டாவது தட்டு பாதி தாண்டினதும் சுத்துது, சுத்துது, கர்ர்ருங்குது, கடைசியில எர்ரர். பத்து தடவை முயற்சி பண்ணியும் அதே எடத்துல நிக்குது. இருபது வருஷத்துக்கு மேல தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்த தட்டு, கீறல் கோலம் போட்ட மாதிரி இருந்துச்சு.

சரி, பிளேயரே வாங்கிடுவோம்னு கெளம்பினேன். அங்கதான் நான் மூணு வகையான அறிவாளிகளைச் சந்திச்சேன். இந்தப் பதிவு அவங்களுக்குத்தான்.

முதல் வகை: பிராண்ட் பக்தர்கள்.

"லோக்கல் பொட்டியெல்லாம் வாங்காத மச்சி, நல்ல கம்பெனியா வாங்கு." வாங்கினேன். லோக்கல் பொட்டியைப்போல ரெண்டு மடங்கு விலை. என்ன கம்பெனின்னு கேக்காதீங்க. அப்பாயி தட்டைப் போட்டதும் மூணு சுத்து சுத்திட்டு, "டிஸ்க் இல்லை"ன்னு சொல்லிச்சு பாருங்க, எனக்கு வந்துச்சே கோவம்! உள்ள இருக்குற தட்டை இல்லைன்னு சொல்றதுக்கு எதுக்குடா எனக்கு நாலாயிரம் ரூவா பிளேயர்?

அதோட நிக்கலை. அமெரிக்காலேர்ந்து பெரியம்மா பொண்ணு வாங்கிட்டு வந்த கார்ட்டூன் டிவிடியைப் போட்டா, "ஏரியா தப்பு"ங்குது. மண்டல எண் சமாச்சாரம். டிவிடி 1996 நவம்பர்ல ஜப்பான்ல கடைக்கு வந்தப்பவே உலகத்தை ஆறு துண்டாப் பிரிச்சுட்டாங்க. அமெரிக்கா ஒண்ணு, ஐரோப்பாவும் ஜப்பானும் ரெண்டு, சிங்கப்பூர், மலேசியா பக்கம் மூணு, இந்தியா, இலங்கை, ரஷ்யா, ஆப்பிரிக்காவுக்கு அஞ்சு. காசு குடுத்து வாங்கின தட்டு, காசு குடுத்து வாங்கின பிளேயர், ஆனா ரெண்டும் சேந்து பாட ஹாலிவுட்காரன் சம்மதம் வேணும்! இதோட கூடவே தட்டுல போட்ட குறியாக்கப் பூட்டோட சாவி வெறும் 40 பிட். 1999-லயே அது உடைஞ்சுபோச்சு. அதுக்காக நார்வேல ஜான் ஜொஹான்சன்கிற சின்னப் பையன் மேல கேஸ் போட்டாங்க. தான் வாங்கின தட்டைத் தான் பாக்குறது குத்தமில்லைன்னு 2003 ஜனவரில ஆஸ்லோ கோர்ட்டு அவரை விடுதலை பண்ணிச்சு. அப்பீல் போயும் ஜெயிக்க முடியலை. ஆனா பாருங்க, பிராண்ட் பிளேயர்ங்க அந்தச் செத்த பூட்டை இன்னும் கட்டிக்கிட்டு அழுவுதுங்க. பேரில்லாத பொட்டி எந்த ஊர் தட்டுன்னு கேக்கவே இல்லை. போட்டா பாடுது.

ரெண்டாவது வகை: அட்டைப்பெட்டி எழுதுறவங்க.

பிராண்டைத் திருப்பிக் குடுத்துட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கடைக்கார அண்ணன் பெட்டியைத் தட்டிச் சொன்ன வாக்கியம்தான் தலைப்பு: "எல்லா ஃபார்மட்டும் பாடும் சார்." பெட்டி மேல பதினஞ்சு லோகோ. கல்யாணப் பத்திரிகைல தாய்மாமன் பேரு போடுற மாதிரி ஒண்ணு விடாமப் போட்டிருக்கான்.

வக்காலத்து வாங்க வந்தவன்னாலும் உண்மையைச் சொல்லணும்ல? "எல்லா ஃபார்மட்டும்"கிறது வடிகட்டின பொய். பெட்டில "எம்பெக்-4"ன்னு இருக்கும். ஆஹான்னு போன்ல எடுத்த வீடியோவைப் போட்டா ஓடாது. ஏன்னா எம்பெக்-4ங்கிறது ஒரே பேர்ல ரெண்டு ஆளு. 1999-ல வந்த பார்ட் 2 ஒண்ணு, டிவ்எக்ஸ், எக்ஸ்விட் எல்லாம் அந்தக் குடும்பம். 2003-ல வந்த பார்ட் 10 இன்னொண்ணு, அதைத்தான் எச்.264ன்னு சொல்றோம். பிளேயருக்குத் தெரிஞ்சது முதல் ஆளு, உங்க போன் பேசுறது ரெண்டாவது ஆளோட பாஷை, இல்லைன்னா அதுக்கும் அப்புறம் வந்தவனோடது. சரி, எக்ஸ்விட்டாவது முழுசா ஓடுமான்னா, குவார்ட்டர் பிக்சல், குளோபல் மோஷன்னு ரெண்டு ஆப்ஷனை டிக் பண்ணி என்கோட் பண்ணிருந்தா படம் கோணிக்கிட்டு நிக்கும். லோகோ ஒட்டுறவன் இதைச் சொல்லமாட்டான்.

அடுத்த பொய், "1080பி". விசிடில இருக்குறது 352க்கு 288. ஒரு லட்சத்துச் சொச்சம் புள்ளி. 1080பி-ங்கிறது இருபது லட்சத்துக்கு மேல. அதாவது திரைல தெரியுற இருபது புள்ளில ஒண்ணுதான் நிஜம், மிச்சம் பத்தொம்போதும் பிளேயர் ஊகிச்சுப் போட்டது. எச்டிஎம்ஐ ஒயர் சொருகினா ஹெச்டி ஆயிடாது சாமிகளா! தண்ணி கலந்தா பால் பெருகும், கெட்டியாகாது.

மூணாவது வகை: "டிஸ்க் செத்துப்போச்சு" ஞானிகள்.

இவங்க நம்ம ஜாதி, பொட்டி தட்டுறவங்க. "ப்ரோ, எல்லாம் ஸ்ட்ரீமிங்ல இருக்கு." இருக்கட்டும். நெட்ஃபிளிக்ஸே தபால்ல டிவிடி அனுப்புறதை 2023 செப்டம்பரோட நிறுத்திடுச்சு, தெரியும். ஆனா எங்க சித்தப்பா கல்யாணம் எந்த ஓடிடி-ல இருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்? நம்ம ஊர்ல 2000-க்கு அப்புறம் பத்து, பதினஞ்சு வருஷம் நடந்த காதுகுத்து, கல்யாணம், அறுபதாம் கல்யாணம், பள்ளிக்கூட ஆண்டுவிழா எல்லாம் விசிடிலயும் டிவிடிலயும்தான் கிடக்கு. சினிமா போனா இன்னொரு எடத்துல கிடைக்கும். இதுக்கு வேற பிரதி கிடையாது.

ஆக, ஒரு மலிவுவிலை பிளேயரை எடை போடுறதுக்கு லோகோ எண்ணாதீங்க. உங்க வீட்டுல இருக்குறதுலயே மோசமான தட்டை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போங்க. நான் அப்படித்தான் போனேன்.

ஒண்ணு, கீறல் விழுந்த விசிடி. சாதா டேட்டா சிடில ஒரு செக்டாருக்கு 2048 பைட்டுதான் சரக்கு, மிச்ச எடத்துல பெரும்பகுதி பிழை திருத்தத்துக்கு. விசிடில வீடியோவை அடைக்கிறதுக்காக அந்தக் கூடுதல் பாதுகாப்பை எடுத்துட்டு 2324 பைட்டு ரொப்பினாங்க. ஒரு புள்ளி கெட்டா படம் கொஞ்சம் கட்டம் கட்டும், போயிடும், பரவால்லைங்கிற கணக்கு. கம்ப்யூட்டருக்கு இந்தப் பெரிய மனசு கிடையாது. ஒரு பைட்டு படிக்கலைன்னா காப்பியையே நிறுத்திடும். மலிவு பிளேயர் என்ன பண்ணுது? தெரியாத வார்த்தையை முழுங்கிட்டுப் படிக்கிற பையன் மாதிரி தாண்டிப் போயிடுது. கடைக்கார அண்ணன் எங்க தட்டைப் போட்டாரு. நலங்குக்கு முன்னாடி ரெண்டு எடத்துல கட்டம் கட்டிச்சு. அப்புறம்... அப்பாயி வந்துடுச்சு. ரிச்சி ஸ்ட்ரீட் கடைல, ஏழு இஞ்ச் டெஸ்டிங் டிவில, யாரையோ திட்டிட்டு மறுபடி பாட ஆரம்பிச்சுச்சு. "யாரு சார், பாட்டியா?"ன்னாரு. தலையாட்டினேன். குரல் வரலை.

ரெண்டு, சிடி, டிவிடி ரெண்டையும் போட்டுப் பாருங்க. டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர், சிடிக்கு 780. ரெண்டும் தனித்தனி. டிவிடி பாடுச்சேன்னு நம்பி வந்துடாதீங்க. இன்னொரு லேசர் வீக்கா இருந்தா வீட்டுல எரிச்ச விசிடி மட்டும் பாடாது.

மூணு, யூஎஸ்பி. நான் வாங்கினது ஃபேட்32 மட்டும்தான் படிக்குது. அதுல 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் வைக்க முடியாது. எம்கேவி கெடையாது. தமிழ்ல பேர் வெச்ச பாட்டெல்லாம் வரிசையா கட்டம் கட்டமாத் தெரியுது. தமிழ் சப்டைட்டிலும் அதே கதிதான். பெட்டில பதினஞ்சு லோகோ போட்டவனுக்கு நம்ம எழுத்துக்கு மட்டும் எடமில்லை. இதுக்கு மார்க்குல பாதியை வெட்டுறேன்.

நாலு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டை பின்னாடி இருக்கான்னு பாருங்க. ஏன்னு கீழ சொல்றேன்.

குறையும் இருக்கு. ரிமோட் பொம்மை மாதிரி இருக்கு. டிரே வெளிய வரும்போது முனகுது. உள்ள பாதி காலி, குலுக்கினா லேசாவே இருக்கு. ரெண்டு வருஷம் ஓடுமான்னு சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: போட்டதைப் பாடுச்சா? பாடுச்சு. நாலாயிரம் ரூவா பொட்டி "இல்லை"ன்ன தட்டை, ரெண்டாயிரம் ரூவா பொட்டி "இருக்கு"ன்னுச்சு. விமர்சனம் அவ்வளவுதான்.

இப்ப அந்த மூணு ஓட்டை. கம்ப்யூட்டர் காப்பி எடுக்கமாட்டேங்குது, பிளேயர் பாடுது. அப்ப பிளேயரையே பாட விட்டு, அந்த மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயரை வீடியோ கேப்ச்சர் டப்பா ஒண்ணுல சொருகி லேப்டாப்புல பிடிச்சுட்டேன். டப்பா சில நூறு ரூவாதான். மூணு தட்டையும் ஒரே ராத்திரில முடிச்சேன். அத்தனை வருஷமா "போட்டுத் தரேன்ப்பா"ன்னு சொன்ன வேலை, ஒரே ராத்திரி! பிராண்ட் பக்தனையும் ஞானியையும் இவ்வளவு நேரம் திட்டினேனே, உண்மையான குற்றவாளி நான்தான். தட்டு கெட்டுக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சும், எப்ப வேணா பண்ணிக்கலாம்னு உக்காந்திருந்த எஞ்சினியர்.

பென் டிரைவை அப்பாகிட்ட குடுத்தேன். டிவிலயே சொருகிக் காமிச்சேன். பாத்தாரு. "நல்லாருக்குடா"ன்னாரு. அடுத்த நாள் காலைல பாத்தா, அந்த முனகுற டிரேவைத் தொறந்து தட்டை வேட்டி நுனியால தொடைச்சுப் போட்டுக்கிட்டு இருக்காரு.

"அதான் பென் டிரைவ்ல இருக்கேப்பா?"

"அது இருக்கட்டும்டா."

அதனால மக்களே, இந்த வாரம் ஊருக்குப் போனா பீரோ மேல பாருங்க. தட்டு எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. பாடுற பிளேயர் ஒண்ணு வாங்குங்க. பாடும்போதே பிடிச்சு வையுங்க. பழைய பொட்டியை மட்டும் அப்பாவைக் கேக்காம எடைக்குப் போட்டுடாதீங்க.

டிஸ்கி: நான் வாங்கின பொட்டியோட பேர் வேணாம். ஏன்னா அடுத்த மாசம் அதே பொட்டி வேற பேர்ல வரும். தட்டை எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணி வாங்குங்க, அவ்ளோதான்.