நெட் ஸ்லோவா? முதல்ல வீட்டுக்குள்ளே தேடுங்க பாஸ்!

ராத்திரி பத்தரை மணிக்கு சித்தி மகளிடமிருந்து போன். அதுவும் லேண்ட்லைனில்! 'இந்தக் காலத்துல லேண்ட்லைனா?' என்று சிரிக்காதீர்கள். அவள் ஊர் தேனிப் பக்கம் மலையடிவாரம். மொட்டை மாடியில் தண்ணித் தொட்டி மேலே ஏறி நின்றால்தான் செல்லில் ஒரு கோடு தெரியும். வீட்டுக்குள் நெட் வேண்டுமென்றால் பழைய டெலிபோன் கம்பி வழியாக வருகிற பிராட்பேண்ட்தான் கதி.

"அண்ணே, நெட்டு மறுபடி புட்டுக்கிச்சு. சாய்ஸ் ஃபில்லிங்ல நாப்பது காலேஜ் போட்டு வெச்சிருந்தேன். சேவ் பண்றதுக்குள்ள லாக் அவுட் ஆயிருச்சு. இது மூணாவது தடவைண்ணே..." அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல்: "பேசாம பக்கத்துல இருக்குற காலேஜுலயே சேத்துருவோம்னு சொல்லு. எதுக்கு இந்த ரோதனை?"

இன்ஜினீயரிங் கவுன்சலிங் 2018-ல் ஆன்லைனுக்கு மாறியதில் ஒரு பெரிய நல்லது நடந்தது. குடும்பத்தோடு சென்னைக்கு பஸ் ஏற வேண்டாம். வீட்டில் உட்கார்ந்தே காலேஜ் லிஸ்ட் போடலாம். ஆனால், அந்த வீட்டில் நெட் நிற்க வேண்டுமே! கடைசித் தேதிக்கு இரண்டு நாள்தான் பாக்கி.

"முதல்ல லிஸ்டை ஒரு பேப்பர்ல எழுதி வை. நெட் வர்றப்ப அஞ்சஞ்சா போட்டு சேவ் பண்ணு. நாளைக்குக் காலைல வர்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன். உங்களுக்கும் இதே நிலைமை என்றால் நீங்களும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். ரிப்பேர் அப்புறம், சேவ் முதலில்!

தூரம்தான் வில்லன்... ஆனா முழு வில்லன் இல்லை!

டெலிபோன் கம்பி என்பது இரண்டு தாமிரக் கம்பிகளை முறுக்கிய ஜோடி. அந்த முறுக்கு ஐடியாவுக்கு அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-லேயே பேட்டன்ட் வாங்கிவிட்டார். பேச்சுக்கு அதில் தேவைப்படுவது 4 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலே சும்மா கிடக்கிற இடத்தில் டேட்டாவை அனுப்புவதுதான் ஏ.டி.எஸ்.எல். அது 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். அதன் அண்ணன் ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ், 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை.

இங்கேதான் சிக்கல். அதிர்வெண் கூடக் கூட சிக்னல் கம்பியிலேயே சீக்கிரம் செத்துப்போகும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு 24 எம்.பி.பி.எஸ். வரை கிடைக்கலாம். நாலு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு இரண்டு, மூன்று கிடைத்தாலே கும்பிடு போட வேண்டியதுதான்.

வயலின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருப்பவரைக் கூப்பிடுகிறீர்கள். தூரம் கூடினால் குரல் மெலியும். அது ஒரு பிரச்னை. நடுவில் பம்ப்செட் ஓடினால் அந்த மெல்லிய குரலும் கேட்காது. அது வேறு பிரச்னை. தூரத்தை நம்மால் குறைக்க முடியாது. பம்ப்செட்டை நிறுத்தலாம் இல்லையா?

மோடத்தின் ஜாதகம்

காலையில் போனதும் வைஃபையை நம்பாமல் லேப்டாப்பை லேன் கேபிளில் மோடத்தோடு நேராகச் சொருகினேன். வைஃபைதான் மோசமென்றால் கேபிளில் எல்லாம் சரியாக ஓடும். ஓடவில்லை. ஆக, குற்றவாளி லைன்தான்.

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான மோடம்கள் தங்கள் பக்கத்தைத் திறக்கும். யூசர்நேம், பாஸ்வேர்டு மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே ஸ்டேட்டஸ் பகுதியில் மூன்று எண்களைப் பாருங்கள்.

ஒன்று, டவுன்ஸ்ட்ரீம் ரேட். எக்ஸ்சேஞ்சும் மோடமும் பேசி ஒத்துக்கொண்ட வேகம். எங்களுக்கு 1,088 கே.பி.பி.எஸ். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 136 கிலோபைட். அவ்வளவுதான்!

இரண்டு, லைன் அட்டென்யுவேஷன். வழியில் சிக்னல் எவ்வளவு தேய்ந்தது என்கிற கணக்கு. வழக்கமான கம்பியில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் என்று வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு 58. அதாவது, லைன் நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

மூன்று, எஸ்.என்.ஆர். மார்ஜின். இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு தெம்பாக நிற்கிறது என்பது. 6 டெசிபலாவது இருந்தால் நிம்மதி. எங்களுக்குப் பகலில் 6, முந்தின ராத்திரி தங்கச்சி பார்த்தபோது 2. அப்புறம் எப்படி நெட் நிற்கும்?

இந்த மூன்றையும் நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மாற்றினால் எது மருந்து என்றே தெரியாது.

பெட்டிக்கிட்ட போய் பாரு!

வெளியிலிருந்து வருகிற கம்பி வீட்டில் முதலில் வந்து சேருகிற சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கிறதே, லைன்மேன்கள் ரோசட் என்பார்கள். வீட்டிலிருக்கும் மற்ற எல்லா போனையும் எக்ஸ்டென்ஷனையும் கழற்றிவிட்டு, மோடத்தை மட்டும் அங்கேயே குட்டி ஒயரில் மாட்டிப் பாருங்கள். இதுதான் முக்கியமான டெஸ்ட். ரோசட்டிலும் அதே மோசம் என்றால் கோளாறு வெளியே. அங்கே நன்றாக இருந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள்.

மாட்டினேன். டவுன்ஸ்ட்ரீம் ரேட் 1,888!

"அண்ணே, நாலு கிலோமீட்டர் தாண்டி வந்தது நம்ம வீட்டுக்குள்ள வந்து செத்துருக்கு!" என்றாள் தங்கச்சி.

திண்ணைப் பக்கத்து ரோசட்டிலிருந்து உள்ரூம் வரை பதினைந்து மீட்டருக்குத் தட்டையான டெலிபோன் ஒயர். அதில் முறுக்கே கிடையாது. முறுக்கு இல்லாத ஒயர், போகிற வழியில் இருக்கிற இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொள்ளும். அது போன வழி எது தெரியுமா? ஃபேன் ரெகுலேட்டருக்குக் கீழே, இன்வெர்ட்டருக்குப் பின்னால்! போதாததற்கு நடுவில் ஒரு கிளை பிரித்து, மாட்டுக்கொட்டகை வரை ஒரு பேரலல் போன். சித்தப்பா பால்காரரோடு பேசுவதற்கு. அது ஸ்ப்ளிட்டர் வழியாகப் போகாமல் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்ப்ளிட்டர் என்பது மோடத்தோடு வருகிற சின்ன டப்பா. லைன், மோடம், போன் என்று மூன்று ஓட்டை இருக்கும். பேச்சையும் டேட்டாவையும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. அதைத் தாண்டாமல் ஒரு போன் தொங்கினாலும் போச்சு. பயன்படாத கிளை ஒயர் சும்மா தொங்கினாலும் சிக்னல் அதில் போய் முட்டித் திரும்பி வந்து குழப்பும்.

வைத்தியம் எளிது. மோடத்தை ரோசட் பக்கத்திலேயே வைத்தோம். அங்கிருந்து உள்ரூமுக்கு லேன் கேபிள். அது 100 மீட்டர் வரை போனாலும் வேகம் குறையாது. கொட்டகை போனை ஸ்ப்ளிட்டரின் போன் ஓட்டைக்கு மாற்றினோம். பழைய தட்டை ஒயரை மொத்தமாக உருவி எறிந்தோம். செலவு, ஒரு லேன் கேபிள்!

ஒரு எச்சரிக்கை: டெலிபோன் கம்பியில் சும்மா இருக்கும்போதே 48 வோல்ட் டி.சி. இருக்கும். மணி அடிக்கும்போது அதைவிட அதிகம். அந்த நேரம் பார்த்து முனையைத் தொட்டால் நல்லாவே சுண்டும். இடி மின்னல் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம். மோடத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

ரேடியோ துப்பறியும் சாம்பு!

பகலில் ஜோராக ஓடியது. ராத்திரி எட்டு மணிக்கு மார்ஜின் மறுபடி 3-க்கு இறங்கிவிட்டது. அடுத்த நாள்தான் கடைசி நாள்! சித்தப்பா ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்தார்.

தாத்தாவின் பழைய டிரான்சிஸ்டரை எடுத்து மீடியம் வேவில், ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் வைத்தேன். மீடியம் வேவ் என்பது ஏறக்குறைய 530 முதல் 1,600 கிலோஹெர்ட்ஸ். பிராட்பேண்ட் ஓடுகிற அதே ரோடு! அதனால் ரேடியோ எங்கே அலறுகிறதோ, அங்கேதான் நெட்டுக்கும் எதிரி. அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். சாமி ரூமில் சீரியல் பல்பு அடாப்டர் பக்கத்தில் போனதும் 'கர்ர்ர்ர்' என்று கத்தியது. அடாப்டரைப் பிடுங்கினோம். ரேடியோ அமைதி. மார்ஜின் 5.

"சாமி கோவிச்சுக்காதா?" என்றாள் சித்தி.

"அகல் விளக்கு ஏத்துங்க சித்தி, சாமிக்கும் நல்லது, நெட்டுக்கும் நல்லது!"

இதை விளையாட்டாக நினைக்காதீர்கள். வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்கிற கிராமத்தில் 18 மாதமாக தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் மொத்தத்துக்கும் பிராட்பேண்ட் படுத்துவிடும். கேபிளை மாற்றிப் பார்த்தும் தீரவில்லை. கடைசியில், கருவியைக் கையில் ஏந்திக்கொண்டு தெருத்தெருவாகப் போன இன்ஜினீயர்கள் 2020-ல் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? ஒரு வீட்டில் காலை ஏழு மணிக்கு ஆன் செய்கிற பழைய டி.வி! ஒரு டி.வி. ஒரு ஊரையே கவிழ்க்கும்போது, ஒரு அடாப்டர் ஒரு வீட்டைக் கவிழ்க்காதா?

இன்னொரு விஷயம். மீடியம் வேவ் ரேடியோ அலைகள் ராத்திரியில் ரொம்ப தூரம் வரும். அதனால் நீளமான லைன்களில் இருட்டினதும் இரைச்சல் கூடத்தான் செய்யும். மோடம் பகலில் ஆன் ஆனால், பகல் அமைதியை நம்பி கூடுதல் வேகத்தில் ஒப்பந்தம் போட்டுவிடும். ராத்திரி தாங்காமல் கவிழும். அதனால் இருட்டின பிறகு ஒரே ஒரு தடவை மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். கொஞ்சம் குறைந்த வேகத்தில் ஒப்பந்தம் போடும், ஆனால் விழாமல் நிற்கும். ஃபார்ம் நிரப்புகிறவருக்கு வேகமா முக்கியம்? நிற்பதுதான் முக்கியம்.

அன்று ராத்திரி அப்படிச் செய்தோம். 1,696-ல் நின்றது. பத்தரை மணிக்குத் தங்கச்சி உட்கார்ந்தாள். பேப்பரைப் பார்த்துப் பார்த்து ஐந்தைந்தாகப் போட்டாள். பன்னிரண்டு மணிக்குள் நாற்பதும் ஏறிவிட்டது. ஒரு தடவைகூட லாக் அவுட் இல்லை. சித்தப்பா தூங்காமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். "ஏறிருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

லைன்மேனிடம் எப்படிச் சொல்வது?

போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினால் டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் கரகரவென்று சத்தம் கேட்டால், வெளியே எங்கோ ஒரு ஜாயின்ட் துருப்பிடித்தோ ஈரம் பிடித்தோ இருக்கிறது. போன் பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும் நெட் சரியாகிறது என்றாலும் அதே சந்தேகம்தான். பேசும்போது பாய்கிற கரன்ட் அந்தத் துருவைக் கொஞ்ச நேரம் தாண்டிவிடும். இது நம் வேலை இல்லை. கம்பத்தில் ஏறாதீர்கள்!

'நெட் ஸ்லோ சார்' என்று புகார் கொடுத்தால் 'மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பார்கள். 'ரோசட்டிலேயே மாட்டிப் பார்த்தோம். அட்டென்யுவேஷன் 58, ராத்திரி மார்ஜின் 5, போனில் கரகர சத்தம்' என்று சொல்லிப் பாருங்கள். மறு வாரம் வந்த லைன்மேன் அண்ணன் நோட்டை வாங்கிப் பார்த்தார். "இப்பிடி எழுதி வெச்சா எங்களுக்கும் வேலை சுளுவு தம்பி" என்று சொல்லிவிட்டு, கம்பத்தில் இருந்த டப்பாவைத் திறந்து பச்சை பூத்த ஜாயின்ட்டை வெட்டிப் புதிதாகப் போட்டார். அன்று ராத்திரி 2,336.

நம் நாட்டில் 2004-ல் 256 கே.பி.பி.எஸ். இருந்தாலே பிராட்பேண்ட் என்றார்கள். 2023-ல் அதை 2 எம்.பி.பி.எஸ். ஆக உயர்த்தினார்கள். ஆக, சித்தப்பா வீட்டு நெட் இப்போதுதான் அரசாங்கக் கணக்குப்படி பிராட்பேண்ட்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டால் யோசிக்காமல் மாறிவிடுங்கள். கண்ணாடி இழைக்கு நாலு கிலோமீட்டரெல்லாம் ஒரு தூரமே இல்லை, சீரியல் பல்புக்கும் அது பயப்படாது. ஆனால், அது வருகிற வரைக்கும் உங்கள் கவுன்சலிங்கும் எக்ஸாமும் இன்டர்வியூவும் காத்திருக்காதே! 'எங்க ஊர் லைன் அப்படித்தான்' என்று விட்டுவிடாமல், ஒரு நோட்டு, ஒரு லேன் கேபிள், ஒரு பழைய ரேடியோவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள்.

தங்கச்சிக்கு சீட் கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? லிஸ்டில் அவள் மூன்றாவதாகப் போட்ட காலேஜ், இ.சி.இ. பிரிவு. ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டும்போது அந்த டிரான்சிஸ்டரையும் உள்ளே வைத்துக்கொண்டாளாம். தாத்தாதான் கோபமாக இருக்கிறார்!

அடுத்த வாரம் பார்க்கலாமா ஃப்ரெண்ட்ஸ்?