உப்புவெளியும் வீட்டுப் பற்பொடியும்

நாற்புறமும் கடல் சூழ்ந்த இலங்கை, 2025 ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து உப்பைத் தருவித்தது. மழை உப்பு விளைச்சலைக் கெடுத்தது என்றார்கள். காரணம் எதுவாயினும், பெயரிலேயே உப்பைச் சுமந்து, நிலாவெளி உப்பளத்துக்கு அயலிலே வாழும் உப்புவெளியார்க்கு அது நாணத்தக்க செய்தியன்றோ! அதற்கு மூன்றாண்டு முன்னர், 2022 இல், ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் மதிப்பு 360 ரூபா வரை ஏறியபோது, பற்பசை வாங்குவதும் பாரமாயிற்று. வீட்டிலேயே பற்பொடி செய்துகொள்ளலாம் என்ற பேச்சு அன்று வலுத்தது, இன்னும் ஓயவில்லை. அதனை வரவேற்கிறோம். ஆயினும் வரவேற்பது வேறு. கண்மூடி ஏற்பது வேறு.

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நம் முன்னோர்க்குத் தூரிகையாயின. பின்னர் மதுரைக் கோபால் பற்பொடி, இலங்கை வானொலியின் விளம்பரத்தோடு நம் வீடுகளுக்குள் நுழைந்தது. அடுத்து வந்த பசைக் குழாய் குச்சியையும் பொடியையும் ஒருங்கே ஓட்டிற்று. இழந்ததை மீட்க எண்ணுவது தவறன்று.

செய்முறையும் அரிதன்று. நிழலில் உலர்த்திய வேப்பிலைத்தூள் ஒரு பங்கு, கடுக்காய்த்தூள் இரு பங்கு, வறுத்துப் பொடித்த உப்பு அரைப் பங்கு, நாலைந்து கராம்பு ஆகியவற்றை இடித்து மெல்லிய துணியில் சலித்தெடுக்க வேண்டும். பசையாக வேண்டுவோர் தேங்காயெண்ணெயிற் குழைக்கலாம். கராம்பில் உள்ள யூஜினோல் என்னும் எண்ணெய் நோவை மரக்கச் செய்வது. பல் வைத்தியரும் அதனைக் கையாள்வர்.

உமிக்கரியை மட்டும் சேர்க்கற்க. உமியின் சாம்பலிற் பெரும்பகுதி மணலின் இனமாகிய சிலிக்கா. பல்லின் மேலோடாகிய மிளிரியினும் கடியது அது. தேய்த்தவுடன் பல் வெளுக்கும், உண்மையே. வெளுப்போடு மிளிரியும் தேயும், தேய்ந்தது மீள வளராது. தேசிப்புளியும் அவ்வாறே, அதன் அமிலம் மிளிரியைக் கரைக்கும்.

இனி, எவரும் சொல்லாது விடும் செய்திக்கு வருவோம். இனிப்பை உண்ணும் வாய்க்கிருமிகள் அமிலத்தைச் சுரந்து பல்லை அரிக்கின்றன. அவ்வரிப்பை எதிர்த்து மிளிரியை மீண்டும் இறுகச் செய்வது புளோரைட்டு. நம் பொடியில் அது இல்லை! உலக சுகாதார நிறுவனம் 2021 இல் புளோரைட்டுப் பற்பசையை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. எனவே, இயற்கை இயற்கை என்று முழங்கிக் குழந்தையின் கையிலிருந்து அப்பசையைப் பறிப்பது அறிவுடைமையாகுமா? பல்வலியால் இரவெல்லாம் அழும் பிள்ளைக்கு நம் முழக்கம் மருந்தாகாது.

செலவுக்கு அஞ்சுவோர் ஒன்று கருதுக. தூரிகை நிறையப் பசை பிதுக்குவது விளம்பரம் கற்பித்த பழக்கம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசிமணியளவு போதும், அதன்மேல் பட்டாணியளவு. இவ்வாறாயின் ஒரு குழாய் பன்மடங்கு நாள் வரும். வளர்ந்தோர் காலையிற் பொடியும் இரவிற் பசையுமாகக் கொள்ளலாம் என்பது எமது கருத்து. பிள்ளைகளுக்கோ இருவேளையும் பசையே வேண்டும்.

இதே புளோரைட்டு மிகுந்தாலும் தீங்கே. குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வடமத்திய மாகாணத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை மீறியதால் பிள்ளைகளின் பற்கள் பழுப்புத் திட்டுத் திட்டாயின. நமது மாவட்டத்தின் மேற்கெல்லை அம்மாகாணத்தைத் தொட்டு நிற்கிறது. அங்கே வயல் செய்வோர் அருந்தும் கிணறு எத்தகையது? கடலோரத்து உப்புவெளிக் கிணறு எத்தகையது? இரண்டுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. நீரை அளந்தறியாமல் பசையைப் பழிப்பதும் புகழ்வதும் இருட்டில் கல்லெறிவது போலாம்.

ஆதலின், பிரதேச சபைகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் ஊர்தோறும் பொதுக்கிணறுகளின் புளோரைட்டு அளவைச் சோதித்து, அந்த எண்ணைத் தமிழிலே கிணற்றுக்கட்டில் எழுதி வைக்கட்டும். ஒரு வாளிச் சுண்ணாம்பும் ஒரு தூரிகையும் போதும். நம் உறுப்பினர்கள் அடுத்த சபைக் கூட்டத்திலேயே இதனைக் கேட்பார்களா?