ஒப்பீட்டுக் குழு எங்கே?

ஆய்வகங்கள் தாமே உருவாக்கும் சோதனைகளை மருத்துவக் கருவிகளாக வகைப்படுத்தி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 மே மாதம் வெளியிட்ட விதியை, 2025 மார்ச் 31 அன்று டெக்சஸ் கிழக்கு மாவட்ட நீதிமன்றம் ரத்து செய்தது. எஃப்டிஏ மேல்முறையீடு செய்யவில்லை. செப்டம்பரில் விதியே நீக்கப்பட்டது. சட்டப்படி தீர்ப்பில் பெரிய குறை இல்லை. ஆனால் இம்யூனோதெரபிக்கு முன் எடுக்கும் ரத்தத்தை வைத்து ‘பலன் தரும்’, ‘தராது’ என்று எழுதும் ரிப்போர்ட்டை இனி யார் கேள்வி கேட்பார்கள்? அளவு சரியா என்பதோடு ஆய்வகத் தரத்துக்கான கிளியா சட்டம் நின்றுவிடுகிறது. அந்த அளவால் சிகிச்சையை முடிவு செய்யலாமா என்பது அதன் கவலை அல்ல.

நுரையீரல் புற்றுநோயில் பயன்படும் லிப்பி குறியீட்டையே பார்க்கலாம். டி-என்எல்ஆர் என்ற நியூட்ரோஃபில் விகிதம் 3-க்கு மேல் போனால் ஒரு புள்ளி, எல்டிஹெச் நொதி உச்ச வரம்பைத் தாண்டினால் இன்னொன்று. 2018-இல் குஸ்தாவ் ரூஸி குழுவின் கட்டுரையில், கீமோ பெற்றவர்களிடம் இக்குறியீடு எதையும் பிரித்துக்காட்டவில்லை. ஆகவே இது இம்யூனோதெரபிக்கே உரியது என்ற நம்பிக்கை பரவியது. மறுவருடமே எஃப்டிஏவின் ஆய்வாளர்கள் பல சமவாய்ப்பு ஆய்வுகளின் தரவைத் திரட்டிப் பார்த்தார்கள். கீமோவிலும் இலக்கு மருந்துகளிலும்கூட இரண்டு புள்ளிக்காரர்கள் சீக்கிரமே இறந்தார்கள். அதாவது இது நோயின் போக்கைக் காட்டும் ப்ராக்னாஸ்டிக் குறியீடு, ஒரு சிகிச்சையின் பலனைக் கணிக்கும் ப்ரெடிக்டிவ் குறியீடு அல்ல. டோசிடாக்சல் கீமோவிலும் தேறாதவருக்கு, லிப்பியைக் காட்டிப் பெம்ப்ரோலிசுமாபை மறுப்பது என்ன நியாயம்? போதாததற்கு, மூளைப் பரவலுக்கு டெக்சாமெத்தசோன் தொடங்கினாலே நியூட்ரோஃபில் ஏறும். வழியில் ரத்தம் சிதைந்தால் எல்டிஹெச்சும் ஏறும். புற்றுநோய்க்குச் சம்பந்தமே இல்லாமல் இரண்டு புள்ளி!

ரத்த டிஎம்பியின் (ரத்தத்தில் அளக்கும் கட்டியின் மரபணுப் பிறழ்வுச் சுமை) கதை இன்னும் தெளிவு. போப்ளர், ஓக் ஆய்வுகளின் தரவில் 16 என்ற வெட்டுப்புள்ளி பளிச்சென்று தெரிந்தது. அதே வெட்டுப்புள்ளியை முன்கூட்டியே குறித்துக்கொண்டு நடந்த பிஃபாஸ்ட் ஆய்வில் இம்யூனோதெரபி மருந்தான அட்டெசோலிசுமாப் முதன்மை இலக்கை எட்டவில்லை. வெட்டுப்புள்ளியை 20 என்று வைத்த நெப்டியூன் ஆய்வும் தவறியது. கீமோ குழு ஒன்று எதிரில் இருந்ததால்தான் இந்தத் தோல்விகள் வெளியே தெரிந்தன.

ஒப்பீட்டுக் குழு வேண்டும் என்ற இந்தப் பாடத்தை எஃப்டிஏவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எழுதியதே அவர்கள்தான். அப்படியிருந்தும் 2020 ஜூனில், கீநோட்-158 ஆய்வின் 102 நோயாளிகளில் கண்ட 29 சதவீதத் துலங்கலை வைத்துத் திசு டிஎம்பி 10-உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பெம்ப்ரோலிசுமாப் தர ஒப்புதல் தந்தார்கள். ஒற்றைக் குழு ஆய்வு அது. இப்போது நாம் இழந்துவிட்டதாகப் புலம்பும் 2024 விதியாவது கறாரானதா? ஏற்கெனவே சந்தையில் இருந்த சோதனைகளுக்கு முன்னனுமதி தேவையில்லை என்று அதுவே விலக்கு அளித்திருந்தது. நீதிமன்றம் பறித்ததைவிட அவர்களாகவே விட்டுக்கொடுத்தது அதிகம்.

வாஷிங்டன் விழிக்கும்வரை காத்திருக்க முடியாது. அடுத்த இதழ் முதல், ஒப்பீட்டுக் குழு இல்லாத ரத்தக் குறியீட்டுக் கட்டுரை எதுவும் ‘இம்யூனோதெரபியின் பலனைக் கணிக்கும்’ என்ற தலைப்புடன் இவ்விதழில் வராது. மாதிரி எடுத்த நாளில் ஸ்டீராய்டு அளவு என்ன என்பதும் அட்டவணையில் இருக்க வேண்டும்.