கவுன்சிலருக்கு இங்கே என்ன வேலை?

"குடும்ப நீதிமன்றத்துக்குப் போனால் முதலில் கவுன்சிலரைப் பார்க்கச் சொல்கிறார்கள். வார்டு கவுன்சிலருக்கு எங்கள் வீட்டு விவகாரத்தில் என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறார் புனே வாசகி ஒருவர்.

நியாயமான கோபம். ஆனால் அவர் நினைக்கும் ஆள் வேறு, நீதிமன்றம் சொல்லும் ஆள் வேறு. 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் வரும் கவுன்சலர் ஓட்டு வாங்கி வந்தவர் அல்ல. கணவன் மனைவியிடம் பேசிப் பார்க்கும் ஆலோசகர். வார்டுக்காரர், கவுன்சில் என்ற மன்றத்தின் உறுப்பினர். மன்றத்துக்கு ஸ்பெல்லிங்கில் இரண்டு 'சி'. ஆலோசனைக்கு நடுவில் 'எஸ்'. லத்தீனிலும் கூட்டத்துக்கு ஒரு சொல், யோசனைக்கு ஒரு சொல்; ஓரெழுத்துதான் வித்தியாசம். ஆங்கிலத்துக்கு வந்து வெகுகாலம் இரண்டும் கலந்தே கிடந்தன. (கூடினால் யோசனை சொல்லாமல் இருப்பார்களா!)

இதில் நம் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. இருவரையும் 'கவுன்சிலர்' என்றே அச்சிட்டுவிட்டால் வாசகர் என்ன செய்வார்? ஆலோசகர், மன்ற உறுப்பினர் என்று எழுதினால் தகராறே இல்லை.

நீதிமன்றச் செய்திகளில் இன்னொரு வம்பு. அங்கே கவுன்சல் என்றால் வழக்கறிஞர். ஒருவர் வந்தாலும் ஒன்பது பேர் வந்தாலும் கவுன்சல்தான். பன்மைக்கு 'எஸ்' போடும் வழக்கமில்லை. மாநிலங்களவையை அரசியல் சட்டம் ஆங்கிலத்தில் குறிப்பிடும்போது வருவது மன்றம் என்ற கவுன்சில்.

அடுத்து, காசு போகக்கூடிய சொல்: பிரின்சிபல். டெல்லியிலோ மும்பையிலோ இருந்துகொண்டு, ஊரிலுள்ள மனையை விற்க மைத்துனருக்குப் பவர் எழுதிக் கொடுக்கிறீர்கள். அந்தப் பத்திரத்தில் வரும் பிரின்சிபல் கல்லூரி முதல்வர் அல்ல. நீங்கள்தான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, தன் சார்பில் செயல்பட இன்னொருவரை அமர்த்துகிறவர் பிரின்சிபல்; அமர்த்தப்பட்டவர் ஏஜென்ட். கொடுத்த அதிகாரத்துக்குள் ஏஜென்ட் செய்வது பிரின்சிபலைக் கட்டுப்படுத்தும். அதனால் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கிக் கடன் தாளில் இதே சொல்லுக்கு அசல் என்று பொருள். வட்டியை மட்டும் கட்டி வந்தால் அது அப்படியே நிற்கும்.

முதல்வர், அசல், அதிகாரம் கொடுத்தவர் மூன்றுக்கும் கடைசியில் 'ஏ-எல்'. 'எல்-இ' என்று முடிந்தால் கொள்கை, கோட்பாடு. அரசியல் சட்டத்தின் 4ஆம் பகுதியிலுள்ள அரசு நெறிமுறைக் கோட்பாடுகள் இந்த ரகம். கொள்கைக்கு வட்டி கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டேஷனரி கதை சின்னது. கடைசியில் 'ஏ-ஆர்-ஒய்' வந்தால் நகராமல் நிற்பது; 'இ-ஆர்-ஒய்' வந்தால் காகிதம், பேனா. இரண்டுக்கும் மூலம் ஒன்றே. இடைக்கால ஐரோப்பாவில் சரக்கைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்றவர்கள் பலர். பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவரை ஸ்டேஷனர் என்றார்கள்.